களை எடுக்கும் கையும் இயற்கைத் தேர்வும்: பரிணாமம் பற்றிய கேள்வி பதில்

நான் விலங்கியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். பரிணாமம் பற்றி எவ்வளவு அடிப்படையான சந்தேகமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையவே வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டு, மற்றவற்றுக்கு வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, மன்னார்குடி): டீச்சர், 'இயற்கைத் தேர்வு' என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிவிடுகிறேன். ஆனால் தேர்வு என்றால் யாராவது தேர்ந்தெடுக்க வேண்டுமே? இங்கே அது யார்?

பதில்: பாதிப் பேரைக் குழப்புவது இந்தச் சொல்தான்மா. நீ டெல்டாக்காரி என்பதால் வயலிலிருந்தே தொடங்குகிறேன்.

சின்ன வயதில் அப்பாயியோடு களை பறிக்கப் போவேன். கோரையும் ஆரையும் தூரத்திலேயே தெரிந்துவிடும். நெல்லுக்கு நடுவில் நெல்லைப்போலவே நிற்கும் ஒரு புல் உண்டு, குதிரைவாலி இனத்துப் புல். அதே உயரம், அதே பச்சை, அதேபோல நிமிர்ந்த தூர். எது எது என்று எனக்குத் தெரியவே தெரியாது. அப்பாயி தூரை விலக்கி, இலை தண்டோடு சேரும் இடத்தைக் காட்டுவார். நெல்லில் அந்த இடத்தில் சவ்வு மாதிரி வெள்ளையாக ஒரு சின்ன நாக்கு இருக்கும். களையில் ஒன்றும் இருக்காது, வழவழவென்று வெறுமையாக இருக்கும். வேறு எங்கே பார்த்தாலும் ஏமாந்துவிடுவோம்.

அந்தப் புல்லுக்கு ஏன் நெல்லின் சாயல் வந்தது? அதன் முன்னோர்களில் சில தரையோடு படர்ந்தன, சிலவற்றுக்கு அடித்தண்டு சிவந்திருந்தது, சில மட்டும் பச்சையாக நிமிர்ந்து நின்றன. களை பறிப்பவர் கண்ணில் முதலில் படுவது நெல்லிலிருந்து வித்தியாசமாகத் தெரிவதுதான். அவையெல்லாம் விதை விடும் முன்பே வரப்புக்குப் போய்விட்டன. கண்ணுக்குத் தப்பியவை விதை விட்டன. அடுத்த போகத்தில் முளைத்தவை பெரும்பாலும் தப்பியவற்றின் பிள்ளைகள். இப்படியே போகத்துக்குப் போகம் நடந்தது. சீனாவின் யாங்சி ஆற்றுப் பகுதியில் இந்தக் களையின் மரபணுக்களை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். அங்கே இந்தச் சாயல் சுமார் 1000 ஆண்டுகளுக்கு முன் உருவாகத் தொடங்கியது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

நெல்போல ஒரு களையை உருவாக்க வேண்டும் என்று எந்த உழவரும் நினைக்கவில்லை. அதை ஒழிக்கத்தான் தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்டார்கள். ஆனாலும் தேர்வு நடந்துவிட்டது. காட்டிலும் கடலிலும் இந்தக் கையின் இடத்தில் வறட்சி இருக்கிறது, நோய் இருக்கிறது, பருந்து இருக்கிறது. ஒரே இனத்துக்குள் வேறுபாடு இருக்க வேண்டும், அது பிள்ளைகளுக்கு இறங்க வேண்டும், அந்த வேறுபாட்டால் சிலருக்கு அதிகப் பிள்ளைகளும் சிலருக்குக் குறைவாகவும் பிழைக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் தேர்ந்தெடுக்க யாருமே தேவையில்லை. டார்வினும் வாலஸும் தனித்தனியாகக் கண்டுபிடித்தது இதைத்தான். 1858 ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவர் எழுதியதையும் சேர்த்தே வாசித்தார்கள்.

கேள்வி (அதே மாணவி): அப்போ அந்தக் களை தப்பிப்பதற்காகத் தன்னை மாற்றிக்கொண்டது என்று எழுதலாமா?

பதில்: எழுதாதே. எந்தச் செடியும் மாறவில்லை. சிவப்பு அடியோடு முளைத்தது சிவப்பாகவே பிடுங்கப்பட்டது. மாறியது கூட்டத்தில் எது எத்தனை என்ற கணக்குதான்.

ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டி இலை தின்றதால் கழுத்து நீண்டது என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். வாழ்நாளில் பெற்ற மாற்றம் பிள்ளைக்குப் போகும் என்று நம்பிய காலத்தில் பிரெஞ்சு இயற்கையியலாளர் லமார்க் 1809-இல் எழுதியது அது. நம் வீடுகளில் எத்தனை தலைமுறையாகக் காது குத்துகிறோம்! ஒரு குழந்தையாவது துளையோடு பிறந்ததா? இன்றும் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டியிருக்கிறது. ஜெர்மனியில் வைஸ்மான் என்ற உயிரியலாளர் எலிகளின் வாலைத் தலைமுறை தலைமுறையாக வெட்டிப் பார்த்தார். குட்டிகள் முழு வாலோடுதான் பிறந்தன.

புதிய வேறுபாடு மரபணுவில் நகல் எடுக்கும்போது நேரும் பிழையிலிருந்து வருகிறது. யாருக்கு எது தேவை என்று பார்த்து அது வருவதில்லை. வந்த பிறகு எது நிற்கும், எது போகும் என்பதைச் சூழ்நிலை முடிவு செய்கிறது. 'எல்லாமே தற்செயல் என்றால் இவ்வளவு நேர்த்தி எப்படி?' என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். பிழை நேர்வது மட்டும்தான் தற்செயல். களை பறிக்கும் கை குருட்டாம்போக்கில் பறிப்பதில்லையே.

கேள்வி (ஆட்டோ ஓட்டுநர், திருச்சி): குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இன்னும் குரங்கு ஏன் இருக்கிறது? பையன் கேட்டான், பதில் சொல்ல முடியவில்லை.

பதில்: பையனிடம் பங்காளி என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வான். உங்கள் சித்தப்பா மகன் உங்களுக்கு அப்பா இல்லை. இருவருக்கும் தாத்தா ஒருவர். நீங்கள் இருப்பதால் அவர் இல்லாமல் போக வேண்டியதும் இல்லை. சிம்பன்சியும் நாமும் அப்படித்தான். சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இருவருக்கும் பொதுவான ஒரு முன்னோர் கூட்டம் ஆப்பிரிக்காவில் வாழ்ந்தது. அது இன்றைய சிம்பன்சியும் இல்லை, இன்றைய மனிதனும் இல்லை. கோயிலில் தேங்காய் பிடுங்கும் குரங்கு இன்னும் தூரத்துப் பங்காளி.

சாட்சி வேண்டுமென்றால் ஒன்று சொல்கிறேன். மரபணுக்களைச் சுமக்கும் இழைதான் குரோமோசோம். சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் அது 24 ஜோடி, நமக்கு 23. ஒரு ஜோடி எங்கே போனது? நம் இரண்டாம் குரோமோசோமின் நடுப்பகுதியில், வழக்கமாகக் குரோமோசோமின் முனையில் மட்டும் இருக்கும் டி.என்.ஏ. எழுத்து வரிசை இருக்கிறது. இரண்டு குரோமோசோம் முனையோடு முனை ஒட்டிக்கொண்ட தழும்பு அது.

கேள்வி (உடற்பயிற்சிக் கூடப் பயிற்சியாளர், சேலம்): வலுத்தவன்தான் வாழ்வான் என்று டார்வினே சொல்லியிருக்கிறாரே?

பதில்: 'தகுதியுள்ளது பிழைக்கும்' என்ற தொடரை 1864-இல் உருவாக்கியவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர். டார்வின் பிறகுதான் அதை எடுத்துக்கொண்டார். அதில் தகுதி என்பது, இருக்கும் இடத்தில் பிழைத்துப் பிள்ளை விட்டுச் செல்வது மட்டும்தான். நெல் வயலில் நிமிர்ந்து நிற்பது தகுதி, ஆடு மேயும் தரிசில் படர்ந்து கிடப்பது தகுதி. இந்தத் தொடரைக் காட்டி ஏழைகளையும் நோயாளிகளையும் 'தகுதியில்லாதவர்' என்று பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். அப்படிப் பேச உயிரியலில் எந்த இடமும் இல்லை.

கேள்வி (நூலகர், காரைக்குடி): கோடி வருஷக் கணக்கு சொல்கிறீர்கள். மனிதர் யாராவது உட்கார்ந்து நேரில் பார்த்திருக்கிறார்களா?

பதில்: பார்த்திருக்கிறார்கள், அம்மா. எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

பசிபிக் கடலில் கலாபகஸ் தீவுகளில் டாஃப்னே மேஜர் என்று ஒரு குட்டிப் பாறைத் தீவு. 1973 முதல் 2012 வரை பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற உயிரியலாளர் தம்பதி அங்கே கூடாரம் போட்டுத் தங்கி, குருவிகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, அலகை அளந்து விடுவார்கள். வருஷா வருஷம் இதே வேலை. தீவில் எந்தக் குருவி யாருடைய பிள்ளை என்பது வரை அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1977-இல் மழை பொய்த்தது. மெல்லிய சிறு விதைகளைக் குருவிகள் சில மாதத்திலேயே தின்று தீர்த்துவிட்டன. மிஞ்சியது ஒரு முள்விதை. நம் ஊர் நெருஞ்சியின் நெருங்கிய உறவு அது. வெறுங்காலில் நெருஞ்சி மிதித்தவர்களுக்கு அந்தக் காயின் கெட்டி தெரியும். அதை உடைத்து உள்ளிருக்கும் பருப்பை எடுக்கத் தடித்த அலகு வேண்டும். சிற்றலகுக் குருவிகள் பட்டினியால் செத்தன. நடுத்தரத் தரைக்குருவி என்ற இனத்தில் 80%-க்கும் மேல் அழிந்தன. பிழைத்தவற்றின் அலகு சராசரியாகச் சுமார் அரை மில்லிமீட்டர் தடிப்பாக இருந்தது. அவற்றின் குஞ்சுகளும் தடித்த அலகோடு வளர்ந்தன.

அரை மில்லிமீட்டர்! ஒரு குருவிக்குச் சாவா வாழ்வா என்பது அந்த அளவில் இருந்தது.

கதை அங்கே முடியவில்லை. 1982 கடைசியில் பசிபிக் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வந்து மழை கொட்டித் தீர்த்தது. தீவு முழுக்கக் கொடி படர்ந்து சிறு விதைகள் குவிந்தன. அடுத்த சில ஆண்டுகளில் சிற்றலகுக் குருவிகள் கை ஓங்கியது. அதனால் பரிணாமம் என்றால் முன்னேற்றம், ஏணிப்படி என்று நினைக்காதீர்கள். மழை எப்படியோ அப்படி அலகும் முன்னும் பின்னும் போகும்.

கேள்வி (பெயர் போட விரும்பாதவர்): பாடப்புத்தகத்தில் வரும் கறுப்பு, வெள்ளை அந்துப்பூச்சிப் படங்கள் செத்த பூச்சியை மரத்தில் ஒட்டி எடுத்தவை. அப்புறம் எப்படி நம்புவது?

பதில்: ஆலைக் கரி படிந்த மரத்தில் கறுப்புப் பூச்சியும், கரி படியாத மரத்தில் வெள்ளைப் பூச்சியும் பறவையின் கண்ணுக்குத் தப்பும் என்பதுதான் அந்தப் பாடம். அந்தப் படங்களில் சில ஒட்டி எடுத்தவைதான். இரண்டு நிறமும் எவ்வளவு மறைகின்றன என்று பக்கத்தில் பக்கத்தில் காட்ட எடுத்தவை. பழைய சோதனைகளிலும் குறைகள் இருந்தன. அதனால்தான் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மைக்கேல் மஜெரஸ் மறுபடி முதலிலிருந்து செய்தார். ஆறு ஆண்டுகளில் 4,864 பூச்சிகளை விட்டு, அவை தாமாகவே எங்கே உட்காருகின்றன, எந்தப் பறவை எதைத் தின்கிறது என்று தொலைநோக்கியில் பார்த்துக் குறித்தார். கரி படியாத மரங்களில் கறுப்புப் பூச்சிதான் அதிகம் இரையானது. அவர் 2009-இல் இறந்துவிட்டார். அவருடைய கணக்கைச் சக ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்டார்கள்.

மான்செஸ்டரில் 1848-இல் அபூர்வமாக இருந்த கறுப்பு வகை, ஆலைப் புகை சூழ்ந்த 1895-இல் 98% ஆனது. 1956-க்குப் பிறகு காற்றைத் தூய்மையாக்கும் சட்டங்கள் வந்து புகை குறைந்ததும் கறுப்பும் குறைந்துகொண்டே வந்தது. படத்தை விடுங்கள், இந்தக் கணக்கைப் பாருங்கள்.

கேள்வி (விவசாயி, திருத்துறைப்பூண்டி): நான்கைந்து வருஷமாக ஒரே களைக்கொல்லிதான் அடிக்கிறேன். முதலில் நன்றாகக் கேட்டது. இப்போது அளவு கூட்டினாலும் கேட்கவில்லை. மருந்தில் கலப்படமா?

பதில்: கலப்படமாகவும் இருக்கலாம் அண்ணா. ஆனால் நீங்கள் சொல்லும் விதம் வேறொன்றைக் காட்டுகிறது. லட்சக்கணக்கான களைச் செடிகளில் ஒன்றிரண்டு அந்த மருந்தைத் தாங்கும் மரபணுவோடு முதலிலிருந்தே இருந்திருக்கும். மற்றதெல்லாம் கருகியதும் அந்த ஒன்றிரண்டுக்கு வயலே சொந்தம். அவை விதை கொட்டின. அதே மருந்தை மறுபடி அடித்தது, அவற்றுக்குப் போட்டி இல்லாமல் செய்தது. அளவைக் கூட்டுவதால் இன்னும் தாங்கக்கூடியவற்றைத்தான் பொறுக்கி எடுப்போம்.

வேறு கம்பெனிப் பெயரில் அதே மருந்தை வாங்கிப் பயனில்லை. களையை வேறு விதத்தில் கொல்லும் மருந்துக்கு மாற வேண்டும். வட்டார வேளாண்மை அலுவலரிடம் 'செயல்படும் விதம் வேறாக இருக்க வேண்டும்' என்று கேளுங்கள். தப்பி நிற்பவற்றை விதை விடும் முன் கையால் பறித்துவிடுங்கள். பயிரை மாற்றினால் இன்னும் நல்லது.

ஆன்டிபயாடிக் மாத்திரைக்கும் இதே கணக்குதான். பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945-இல் நோபல் பரிசு வாங்கியபோதே இதை எச்சரித்தார். சளிக்காய்ச்சலுக்கெல்லாம் மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்காதீர்கள். வைரஸை அது தொடாது. வயிற்றிலும் தோலிலும் இருக்கும் பாக்டீரியாக்களில் தாங்கக்கூடியவற்றைப் பெருக்கிவிடும்.

கேள்வி (கிராம சுகாதார செவிலியர், கூடலூர்): மேடம், இங்கே பழங்குடிக் குடும்பங்களில் சிக்கிள் செல் நோய் அதிகம். கெட்டது கழிந்துவிடும் என்றால் உயிரையே வாங்கும் இந்த மரபணு ஏன் கழியவில்லை?

பதில்: சகோதரி, நீங்கள் தினமும் பார்க்கும் வேதனையைத்தான் கேட்டிருக்கிறீர்கள். இந்தியாவில் இந்த மரபணு முதன்முதலில் கண்டறியப்பட்டதே உங்கள் நீலகிரியில், 1952-இல்.

மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் ஹீமோகுளோபினில் ஓர் அமினோ அமிலம் மாறுகிறது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் மாறிய பிரதி வந்தால் சிவப்பணு அரிவாள்போல வளைந்து சிறு ரத்தக்குழாய்களை அடைக்கும். அதுதான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் தொந்தரவு இல்லை. அதோடு, கடுமையான மலேரியா அவர்களை அவ்வளவாகச் சாய்ப்பதில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆந்தனி அல்லிசன் 1954-இல் இதைக் காட்டினார்.

மலேரியா குழந்தைகளை வாரிக்கொண்டு போன காடுகளை நினைத்துப் பாருங்கள். ஒரு பிரதி உள்ள குழந்தைகள் அதிகமாகப் பிழைத்தார்கள். அவர்கள் வழியாக அந்த மரபணு தங்கியது. அப்படிப்பட்ட இருவர் மணந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. பலரைக் காத்ததற்கு இந்தக் குழந்தைகள் விலை கொடுத்தார்கள். இயற்கைத் தேர்வுக்கு இரக்கமும் இல்லை, முன்யோசனையும் இல்லை.

உங்களிடம் வரும் குடும்பங்களிடம் இதைச் சொல்லுங்கள்: இது சாபம் இல்லை, குலத்தின் குறை இல்லை, முன்னோர்களைக் காப்பாற்றிய ஒன்றின் மிச்சம். கல்யாணத்துக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் தெரிந்து முடிவெடுக்கலாம்.

கேள்வி (மென்பொருள் பொறியாளர், பெங்களூரு): கண் மாதிரி சிக்கலான உறுப்பு படிப்படியாக எப்படி வரும்? பாதிக் கண்ணால் என்ன பயன்?

பதில்: தம்பி, இருட்டறையில் கதவு எந்தப் பக்கம் என்று மட்டும் தெரிந்தால் பயன் இல்லையா? தட்டைப் புழுவுக்கு வெளிச்சம் எந்தத் திசை என்று காட்டும் ஒரு குழி போதும். நாட்டிலஸ் என்ற ஓடுள்ள கடல் உயிருக்கு லென்ஸ் இல்லாத ஊசித்துளைக் கண். இப்படி ஒவ்வொரு படியிலும் நிற்கும் உயிர்கள் இன்றைக்கும் இருக்கின்றன. ஸ்வீடனில் நில்சனும் பெல்ஜரும் 1994-இல் ஒவ்வொரு படியும் 1% மாற்றம் என்று வைத்துக் கணக்குப் போட்டார்கள். தட்டையான ஒளியுணர் தோலிலிருந்து லென்ஸ் உள்ள கண்ணுக்கு வர 4 லட்சம் தலைமுறைகூட வேண்டியதில்லை என்று வந்தது.

பொறியாளர் என்பதால் இதையும் சொல்கிறேன். குரல்வளைக்குப் போகும் ஒரு நரம்பு, மூளையிலிருந்து இறங்கி, நெஞ்சில் இதயத்தருகே பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மறுபடி தொண்டைக்கு ஏறுகிறது. மீனில் அது நேர்வழி. கழுத்து நீண்டபோது சுற்றும் நீண்டது. ஒட்டகச்சிவிங்கியில் சில அங்குலத் தூரத்துக்கு அந்த நரம்பு பதினைந்து அடி சுற்றுகிறது. புதிதாக வரைபடம் போட்டால் இப்படி யாரும் ஒயர் இழுக்க மாட்டீர்கள். பழையதை உடைக்காமல் ஒட்டுப்போட்டுக்கொண்டே வந்த வேலை இது.

கேள்வி (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்): மீன், ஆமை, பன்றி, நரசிம்மம் என்று தசாவதாரமே பரிணாமம்தானே? தொல்காப்பியத்திலும் ஓரறிவு முதல் ஆறறிவு வரை இருக்கிறதே?

பதில்: ஐயா, இரண்டையும் மதித்தே சொல்கிறேன். அவதாரங்கள் ஒரே கடவுள் எடுத்த வடிவங்கள். ஓர் உயிரினக் கூட்டம் தலைமுறை தலைமுறையாக வேறாவது அதில் இல்லை. தொல்காப்பியர் மரபியலில் செய்தது வகைப்படுத்தல். புல், மரம் முதல் மனிதர் வரை புலனறிவை வைத்துப் பிரித்துப் பார்த்திருக்கிறார். அவ்வளவு பழங்காலத்தில் இப்படிக் கூர்ந்து கவனித்தது பெரிய விஷயம். அதை அதற்காகவே போற்றலாம். ஒன்றிலிருந்து ஒன்று எப்படி வந்தது என்ற கேள்வியை அவர் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதிலை அவர் வாயில் திணிக்க வேண்டாம்.

கேள்வி (கல்லூரி மாணவர், நாகர்கோவில்): எல்லாம் சரி, ஆனால் பரிணாமம் வெறும் தியரிதானே?

பதில்: பேச்சு வழக்கில் தியரி என்றால் ஊகம். அறிவியலில் அது ஏராளமான உண்மைகளைச் சேர்த்து விளக்கி, அடுத்து என்ன கிடைக்கும் என்றும் சொல்லக்கூடியது. மீனுக்கும் நாலுகால் விலங்குக்கும் இடைப்பட்ட உயிர் சுமார் 37.5 கோடி ஆண்டுப் பாறையில் இருக்க வேண்டும் என்று நீல் ஷூபின் குழு கணித்து, அந்த வயதுப் பாறை வெளியே தெரியும் கனடாவின் எல்ஸ்மியர் தீவுக்குப் போய்ப் பல கோடைகள் தேடியது. 2004-இல் கிடைத்தது டிக்டாலிக்: செதிலும் துடுப்பும் மீன்போல, கழுத்தும் மணிக்கட்டு எலும்பும் நாலுகால் விலங்குபோல.

உங்களுக்குப் பக்கத்திலும் ஒன்று உண்டு. வருஷத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள் கிடந்து, மழை தொடங்கும்போது சில நாள் மட்டும் வெளியே வரும் ஊதா நிறத் தவளை. இடுக்கியில் கிடைத்ததை வைத்து பிஜுவும் பாசுயட்டும் 2003-இல் விவரித்தார்கள். அதன் நெருங்கிய உறவினர் இருப்பது கடலுக்கு அப்பால் செஷல்ஸ் தீவுகளில். உப்பு நீரில் இந்தத் தவளையால் நீந்த முடியாது. இந்தியாவும் செஷல்ஸும் ஒரே நிலமாக இருந்து, சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை என்பது நிலவியலார் தனியாகக் கண்டது. இரண்டும் பொருந்துகின்றன.

கேள்வி (இல்லத்தரசி, கோவை): மருத்துவம் வந்துவிட்டது. மனிதனில் பரிணாமம் நின்றுவிட்டதா?

பதில்: இல்லை. பெரியவர்களுக்குப் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் திறன் மாடு வளர்க்கத் தொடங்கிய பிறகு பரவியது. ஐரோப்பாவிலும் வடமேற்கு இந்தியாவிலும் ஒரே மரபணு மாற்றம்தான் அதற்குக் காரணம். யாருக்கு எத்தனை பிள்ளை என்பதில் வேறுபாடு இருக்கும்வரை மாற்றமும் இருக்கும்.

கேள்வி (மன்னார்குடி மாணவி, மறுபடியும்): டீச்சர், மாமா வயலில் போய்ப் பார்த்தேன். நாக்கு இல்லாத புல் கிடைத்தது! ஆனால் அதிலேயே சிலது அடி சிவப்பாகவும் சிலது பச்சையாகவும் இருந்தது. அப்போ இன்னும் மாறி முடியவில்லையா?

பதில்: படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். குதிரைவாலி இனத்திலேயே இரண்டு மூன்று வகை ஒரே வயலில் வரும். அதனால் கதிர் விட்ட பிறகு பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே வகைதானா என்று பார். ஒரே வகை என்றால் அதுதான் நான் முதலில் சொன்ன வேறுபாடு. மாறி முடிவது என்று ஒன்று இல்லை. இப்போது பல வயல்களில் கைக்களை குறைந்து மருந்து வந்துவிட்டது. மருந்து நிறம் பார்க்காது. அப்போது பச்சைக்கு இருந்த லாபம் என்ன ஆகும்?

மாமாவிடம் கேட்டு வயலில் நான்கு குச்சி நட்டு ஒரு சதுர மீட்டர் குறித்துக்கொள். களை எடுக்கும் முன் சிவப்பு எத்தனை, பச்சை எத்தனை என்று எண்ணு. ஆட்கள் பறித்துவிட்டுப் போன பிறகு மறுபடி எண்ணு. தேதியோடு நோட்டில் எழுதிவை. அடுத்த போகத்தில் அதே இடத்தில் எண்ணிவிட்டு எனக்கு எழுது.